கிழமைக் கட்டு, மாதச் சம்பளம், போகத்து நெல்

எங்கள் வீட்டுக்குக் காசு இரண்டு வழியால் வருகிறது. என் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை. என் கணவருடைய வயல் காசு, பெரும்போகம் வெட்டி முடிந்தால் மாசி பங்குனியில். குளத்தில் தண்ணீர் இருந்து சிறுபோகமும் செய்யக் கிடைத்தால் ஆவணியில் இன்னொரு தடவை. காசு போகிற வழிகளுக்கு அப்படி ஓர் ஒழுங்கு கிடையாது. கிழமைக்குக் கிழமை லோன் கட்டு, மாதம் முடியக் கடைக்கொப்பியில் ஏறிய சாமான் கடன், கறண்ட் பில், ரியூசன் காசு, தவணை வந்தால் அடகு வட்டி. சில வருடங்களாகக் கடன் அடைத்துக்கொண்டிருக்கிற ஒரு குடும்பத்தின் பெண்ணாக நான் அழுத்திச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: எங்களை நெரித்தது கடன் தொகையை விட, இந்தத் தேதிகள் ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் இருந்ததுதான். அதைச் சரிப்படுத்திய பிறகுதான் கடன் குறையத் தொடங்கியது.

நாங்கள் இலங்கையின் மட்டக்களப்பில், களுவாஞ்சிகுடிப் பக்கம். வயல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். இவர் விடியற்காலையில் குருமண்வெளியில் மோட்டார் சைக்கிளோடு, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறி, மண்டூரில் இறங்கி வயலுக்குப் போவார். நான் அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். இரண்டு பிள்ளைகள். அதே வளவுக்குள் அம்மாவும், அம்மாவுக்குப் பக்கத்து வீட்டில் தங்கச்சி குடும்பமும்.

அந்தப் பக்கத்து வீட்டிலிருந்துதான் எங்கள் கடன் கதை தொடங்குகிறது. மட்டக்களப்பில் பெண்பிள்ளையை வீடு கொடுத்தே கட்டிக் கொடுக்கவேண்டும். தாய் வீடு மூத்தவளுக்குப் போனால், அடுத்தவளுக்கு அதே வளவுக்குள்ளோ பக்கத்திலோ இன்னொரு வீடு எழும்பவேண்டும். தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இதுதான் நடப்பு. இந்த வழமையை நான் குறை சொல்லமாட்டேன். கலியாணமான பெண் தன்னுடைய சொந்தக் கூரைக்குக் கீழே, தாய்க்குப் பக்கத்தில் இருப்பது எத்தனை பெரிய பலம் என்று எனக்குத் தெரியும். நான் வேலைக்குப் போன நாளெல்லாம் என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது என் அம்மா. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியில் கதவைத் தட்ட ஓர் ஆள் இருந்தது. ஆனால் அந்த வீட்டின் கல்லுக்கும் சீமெந்துக்கும் யாரோ ஒருவர் கடன்படவேண்டும். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் நான்.

2019இல் தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்தது. சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை. அம்மா ஒழுங்கையில் இருந்த பெண்கள் குழுவில் சேர்ந்து ஒரு இலட்சம் எடுத்தா. என் காப்பும் சங்கிலியும் வங்கிக்குப் போயின. சாமான் கடையில் கொஞ்சம் பாக்கி நின்றது. இவர் விதைப்புக்கு நெல் யாவாரியிடம் முற்பணம் எடுப்பது எப்போதும் உள்ளது. எல்லாம் இரண்டு போகத்தில் அடைத்துவிடக்கூடிய கடன்கள்தான்; கணக்குப் பார்த்துத்தான் எடுத்தோம். பிறகு 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். அந்த வருடக் கடைசியில் தடையை எடுத்தபோது எங்கள் வயல் வட்டையில் பயிர் ஏற்கெனவே மஞ்சள் பிடித்துவிட்டது. அடுத்த பங்குனியில் நெல் பாதிக்குத்தான் வந்தது. 2022 சித்திரையில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளி கூட்டியது. அடகு வட்டியும் பின்னாலேயே ஏறியது. புரட்டாதி மாதம் கொழும்பு விலைச்சுட்டியில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். என் சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. அந்த வருடத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை, எல்லார் வீட்டிலும் ஒரே கதைதான்.

கிழமைக் கட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும்.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு வடக்குக்கும் கிழக்குக்கும் நிதிக் கொம்பனிகள் வரிசையாக வந்தன. பிணைக்குக் காணியும் வேண்டாம், நகையும் வேண்டாம். ஐந்தாறு பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தால் போதும், ஒருவருக்கு ஒருவர் பிணை. வங்கி வாசலைக் கண்டிராத பெண்களுக்கு அது பெரிய கதவாகத்தான் தெரிந்தது. 2016இல் நுண்நிதிக்கென்று ஒரு சட்டம் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், பெண்கள் எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் நின்ற ஒரு இலட்சத்துக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. அம்மாவின் லோன் அதற்குப் பிறகு எடுத்தது.

அந்த 35 வீதம் என்ன என்று எனக்கு ஒரு நாள் இருந்து கணக்குப் பார்த்தபிறகுதான் விளங்கியது. ஒரு இலட்சத்துக்கு வருடம் 20,000 வட்டி, மொத்தம் 1,20,000 என்று சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கு 20 வீதம் என்று படும். ஆனால் முதல் கட்டிலிருந்தே கடன் முதலும் சேர்ந்து குறைகிறது. வருடக் கடைசியில் நம் கையில் அந்தக் கொம்பனியின் காசு ஒன்றுமே இல்லை; சராசரி பார்த்தால் வருடம் முழுக்க நாம் பாவித்தது பாதித் தொகையும் கொஞ்சமும்தான். வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால், மாதக் கட்டாக வைத்தாலே அது 35 வீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இந்தக் கணக்கைக் குழுவில் இருந்த யாருக்கும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான். கடன் கொடுப்பவர் வட்டியை இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வட்டியை விடப் பெரியது அந்தக் கூட்டம். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு ஒழுங்கையில் ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்திருக்கும். பெண்கள் கொப்பியும் காசுமாக வந்து இருப்பார்கள். கட்டு வாங்க வருகிற பொடியனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ஒருவரின் காசு குறைந்தால் கூட்டம் முடியாது. யாரும் எழும்பக்கூடாது. ஒரு செவ்வாய் நான் லீவில் நின்றபோது அம்மாவோடு போயிருந்தேன். அம்மாவிடம் 2,300 ரூபாய்க்கு அறுநூறு குறைவு. பொடியன் ஒன்றும் பேசவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்த ஒருத்தி வாசலையே பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தால் பிள்ளையைக் கூட்டிவரவேண்டிய ஒருத்தி மணி கேட்கிறாள். கடைசியில் இடியப்பம் அவித்து விற்கிற ஓர் அக்கா சீலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்து, நனைந்து சுருண்ட நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி அறுநூறு எண்ணி வைத்தா. அது அவவின் அன்றைய மாக்காசு.

வரும் வழியில் அம்மா சொன்னா, “ஒரு கிழம விட்டு அடுத்த கிழம கட்டுவம் எண்டு சொல்ல ஏலா புள்ள. அவளுகள்ற முகத்த நான் எப்பிடிப் பாக்குற?”

அன்றிலிருந்து நானும் இவரும் பல நாள் வாக்குவாதப்பட்டோம். இவருக்கு நகைதான் முதல். “போகம் முடிஞ்சா நகையத் திருப்புற. அதுதானே முறை?” என்று நின்றார். அது இங்கே பரம்பரைப் பழக்கம். விதைப்புக்கு நகை உள்ளே போகும், அறுவடைக்கு வெளியே வரும். நகைக் கடன்தான் தொகையிலும் பெரியது. எனக்கோ சின்னக் கடனான கிழமைக் கட்டு முதலில் போகவேண்டும் என்று பட்டது. காரணம் இதுதான். கிழமைக் கட்டுக்கு என் சம்பளம் மூன்று கிழமைக்குத்தான் ஈடுகொடுக்கும். நாலாம் கிழமைக்கு யாரிடமாவது கைமாற்று. கைமாற்றைச் சம்பளத்தில் கொடுத்தால் கடைக்கொப்பி பாக்கி. கடைக்கொப்பி ஏறினால் யாவாரியிடம் இன்னும் கொஞ்சம் முற்பணம். முற்பணம் எடுத்த கையோடு, நெல் வெட்டியதும் ஈரத்தோடு அவர் சொன்ன விலைக்கு அளந்து கொடுக்கவேண்டும். ஒரு மாதம் காயவைத்து வைத்திருந்து விற்றால் கிடைக்கிற விலை எங்களுக்குக் கிடைப்பதில்லை. ஆக, செவ்வாய்க்கிழமை குறைகிற அறுநூறு ரூபாய் சுற்றிச் சுற்றிப் போய்ப் பங்குனியில் எங்கள் நெல் விலையைத்தான் விழுத்துகிறது. இதை ஒரு கொப்பித் தாளில் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான் இவர் சம்மதித்தார்.

அரச ஊழியருக்கு இடர்கடன் என்று ஒன்று உண்டு. நான் எடுத்தபோது பத்து மாதச் சம்பளம், உச்சம் இரண்டரை இலட்சம், வட்டி 4.2 வீதம். சம்பளத்திலேயே கழிப்பார்கள். கழிவுகளுக்கு எல்லை இருப்பதால் ஏற்கெனவே கழிவு கூடினவர்களுக்குக் கிடைப்பது கஷ்டம். இரண்டு பேர் பிணை நிற்கவேண்டும். என்னோடு வேலைசெய்கிற இருவரிடம் கேட்டேன்; ஒருவர் உடனே கையெழுத்து வைத்தார், மற்றவர் வீட்டில் கேட்டுவிட்டு மூன்றாம் நாள் வைத்தார். அந்த மூன்று நாளும் எனக்கு நித்திரை இல்லை. பிணை என்பது சாதாரண உதவி இல்லையே. அதனால் அவர் யோசித்ததை நான் மரியாதையாகத்தான் பார்க்கிறேன்.

வந்த காசில் முதல் வேலை அம்மாவின் லோன். முன்கூட்டியே முடிக்கப் போனால், மிச்சக் கிழமைகளின் வட்டியையும் முழுதாகக் கேட்டார்கள். எழுத்தில் தரச் சொன்னேன். எழுத்தில் கேட்டதும் தொகை கொஞ்சம் குறைந்தது. இதை வாசிக்கிற பெண்கள் யாராவது லோன் முடிக்கப் போனால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: முடிக்கும் தொகையை எழுத்தில் கேளுங்கள், கட்டிய பிறகு கடன் முடிந்தது என்ற கடிதத்தைக் கையில் வாங்காமல் வரவேண்டாம். பின்னாளில் வங்கிக்குப் போனால், நம் பழைய கடன்களையெல்லாம் காட்டுகிற கிறிப் அறிக்கை எடுப்பார்கள். முடிந்த கடன் அதில் முடியாததாகக் கிடந்தால் அந்தக் கடிதம்தான் பேசும். அம்மாவின் கடிதத்தைச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்திருக்கிறோம்.

மிச்சக் காசில் கைமாற்றுகளைக் கொடுத்தேன். முதல் ஆள் அந்த இடியப்ப அக்கா. அம்மா வாங்கிய அறுநூறு எப்போதோ கொடுபட்டுவிட்டது. ஆனாலும் நான் போய் ஒரு கிலோ சீனியும் தேயிலையும் கொடுத்துவிட்டு வந்தேன். பதினோராயிரம், பன்னிராயிரம் என்று மாதம் வெளியே போன காசு, சம்பளத்தில் ஐயாயிரத்துக்கும் குறைந்த ஒரு கழிவாக மாறியது. அதை நான் கண்ணால் காண்பதே இல்லை. செவ்வாய்க்கிழமை சாதாரணக் கிழமையானது. அம்மா செவ்வாயில் கோயிலுக்குப் போகத் தொடங்கினா.

நகை விடயத்தில் ஒரு காரியம் செய்தோம். முதலில் வைத்தபோது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அடகுத் துண்டில் வைத்திருந்தோம். அப்படி வைத்தால் முழுக் காசும் கட்டினால்தான் ஒரு காப்பாவது வெளியே வரும். தவணை வந்தபோது, வட்டியைக் கட்டி எடுத்து, ஒவ்வொரு நகையையும் தனித்தனித் துண்டில் வைத்தேன். அதன் பிறகு கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் சின்ன நகை ஒன்றைத் திருப்பலாம். வட்டியும் அந்தளவுக்கு நின்றுவிடும். இன்னொன்று: பவுண் விலை ஏற ஏற, அதே நகைக்கு வங்கி கூடக் காசு தரும். புதுப்பிக்கப் போகிற நாளில், “இன்னும் இவ்வளவு எடுக்கலாம்” என்று சொல்வார்கள். பிள்ளைக்குச் சப்பாத்து வேண்டும், கூரை ஒழுகுகிறது, கண் முன்னே சட்டப்படி எடுக்கக்கூடிய காசு. அந்த யன்னலடியில் நின்று வேண்டாம் என்று சொல்வதுதான் இந்த வருடங்களில் நான் செய்த ஆகக் கஷ்டமான வேலை. இவரையும் கூட்டிக்கொண்டு போவேன். இரண்டு பேராகப் போனால் ஒருவருக்காவது வாய் வரும்.

2024இல் அரச ஊழியருக்கு வாழ்க்கைச் செலவுப் படி 7,800இலிருந்து 17,800ஆகக் கூடியது. தையில் ஐயாயிரம், சித்திரையிலிருந்து முழுவதும். அந்தக் காசு வீட்டுச் செலவுக்குள் கரைய முதல், சம்பளம் விழுகிற அன்றே அடகுக்குப் பகுதிப் பணமாகக் கட்டினோம். சாமான் விலை கூடியதற்காகக் கொடுத்த படிதான், வீட்டுக்கும் தேவைதான். ஆனால் இரண்டு வருடம் அது இல்லாமல் சமைத்துப் பழகியிருந்தோம். அந்தப் பழக்கம் விடுபடுவதற்குள் கட்டிவிடவேண்டும் என்று பட்டது.

இவர் பக்கம், சாப்பாட்டு நெல்லை முதலில் ஒதுக்கினார். யாவாரிக்கு அளக்கும் முன்பே வருடத்துக்கு வேண்டிய மூடைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவித்துக் காயவைத்து மில்லில் குத்தி வைத்தோம். கடைக்கொப்பியில் அரிசி என்ற வரியே இல்லாமல் போனது. கொப்பியின் பாதிப் பாரம் அதுதான். கடைக்கார அண்ணனிடம் பழைய பாக்கிக்குத் தனிப் பக்கம் போடச் சொல்லி, மாதம் இவ்வளவு என்று கழித்தோம். புதுச் சாமானுக்குக் கைக்காசு.

இதற்கிடையில் வாழ்க்கையும் நடக்கவேண்டும். பிள்ளைகள் வளர்வதை நிறுத்தி வைக்க முடியாது. மகன் புலமைப்பரிசில் வகுப்பு; ரியூசன் காசைக் குறைக்கவில்லை, பேப்பர் வகுப்பு ஒன்றை மட்டும் விட்டோம், அந்த நாளில் நானே இருந்து பாடம் பார்த்தேன். சாப்பாட்டில் முட்டையில் கைவைக்கவில்லை. கடல்மீன் விலையான கிழமைகளில் குளத்து மீன், கூனிச் சம்பல், முருங்கையிலைச் சொதி. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போகாமல் விட்டதில்லை. எங்கள் முறைக்கு உரியதைக் கொடுத்தோம், புது உடுப்பு மட்டும் எடுக்கவில்லை.

மகள் பெரியபிள்ளையானபோதுதான் வீடு இரண்டாகப் பிரிந்தது. மாமிமார் மண்டபம் எடுக்கவேண்டும் என்றார்கள். “நாங்க எத்தின வீட்டுக்கு காசு போட்டிருக்கம், அது திரும்பி வரவேணாமா?” என்று ஒரு மாமி கேட்டா. அவவின் கேள்வியில் நியாயம் உண்டு. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் யார் எவ்வளவு கவரில் வைத்தார்கள் என்று ஒரு கொப்பி இருக்கும். அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம். அதுவும் ஒரு கடன் சுற்றுதான், வட்டி இல்லாத, நாள் குறிக்காத சுற்று. ஆனால் மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டவேண்டிய காசு இன்றைக்கு வேண்டும், கவர் நாளைக்குத்தான். அந்த இடைவெளியை அடைக்க மறுபடியும் நகைத்துண்டு. நாங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டோம். தாய்மாமன் இல்லாததால் ஒன்றுவிட்ட அண்ணன் வந்து முறை செய்தார். ஒழுங்கைச் சனம் முழுக்கச் சாப்பிட்டது. மகளிடம் முன்கூட்டியே எல்லாக் கடன் கணக்கையும் காட்டியிருந்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பாரம் என்று இவர் தடுத்தார். எனக்கு, தெரியாமல் இருந்து தனக்கு ஏன் மண்டபம் இல்லை என்று அவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பெரிய பாரமாகப் பட்டது. அவள் கொப்பியைப் பார்த்துவிட்டு, “அம்மம்மாட லோன் முடிஞ்சிதானே?” என்று மட்டும் கேட்டாள்.

இப்போது காப்பு இரண்டும் வீட்டில். சங்கிலி இன்னும் வங்கியில். இடர்கடன் கழிந்துகொண்டிருக்கிறது. யாவாரியிடம் எடுக்கிற முற்பணம் உரத்துக்கு மட்டும் என்று குறைந்திருக்கிறது. இந்தப் பெரும்போகம் வெள்ளம் அடிக்காமல் விளைந்தால் அதையும் நிறுத்த இவர் நினைத்திருக்கிறார். போன போகத்தில் ஒரு பகுதி நெல்லைக் காயவைத்து வைத்திருந்து விற்றோம், விலையில் வித்தியாசம் தெரிந்தது.

அம்மா இப்போதே மகளுடைய வீட்டைப் பற்றிப் பேசுகிறா. வளவின் பின்பக்கம், தென்னை நிற்கிற இடத்தில் அத்திவாரம் மட்டுமாவது வெட்டிப் போடு, பிறகு பார்க்கலாம் என்கிறா. நானும் இவரும் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கிறோம். நாங்கள் இருக்கிற இந்த வீடு அவளுக்கு. நாங்கள் பின்னால் ஓர் அறையும் குசினியும் போட்டுக்கொண்டு போவோம். என் அம்மம்மாவும் அப்படித்தான் போனவ. அந்த அறைக்குரிய கல்லை ஒவ்வொரு போகத்திலும் நெல் விற்ற காசில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி அடுக்குவது என்று பேசியிருக்கிறோம். அம்மாவுக்கு இது முழுத் திருப்தி இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று கேட்கிறா. முதல் லோட் கல் அடுத்த பங்குனியில் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.